கையைப் பார்த்த கருமந்தி

எங்கள் வாட்ஸப் குழுவில் அவருக்கு லேப் அக்கா என்று பெயர். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவனான நானும் அப்படித்தான் சொல்வேன். தென்காசியில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம் அவருடையது. உண்மைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு காலத்தில் அந்தப் பெயரைப் போட்டு முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் ஏசினார்கள். இன்னொரு முறை அது அப்படிப்பட்டவர்கள் கண்ணில் பட வேண்டாம்.

குழுவை ஆரம்பித்தவன் நான். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வது என்று தெரியாத வயது. ஒரு கேமரா வாங்கினேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த வடகரை காஜா பத்து வருஷம் சவூதியில், தம்மாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து மொபைல் கடை வைத்திருந்தான். அவனிடம் முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸ் இருந்தது, கார் இருந்தது. நாங்கள் இருவரும் ஆள் பிடித்து இருபத்துச் சொச்சம் பேரைச் சேர்த்தோம். மின்வாரியத்தில் இருப்பவர், ஜவுளிக்கடைக்காரர், ஆலங்குளத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர் என்று எல்லாரும் எங்களைப் போலவே வேறு பிழைப்பு உள்ளவர்கள். வனத்துறை அனுமதி கிடைக்கிற நாளில் மலை ஏறுவோம். கிடைக்காத நாளில் குளக்கரை, வயக்காடு. திரும்பி வந்து படங்களைக் குழுவில் போடுவோம். சாரல் இறங்குகிற மலை, நெல்லுக்கு நடுவே மயில், கொக்கு, ஓணான். ஒவ்வொன்றுக்கும் கீழே "சூப்பர்", "செம கிளிக்", கைகூப்பும் பொம்மை.

லேப் அக்காவை மருந்துக்கடைக்காரர் சேர்த்துவிட்டார். வந்த வாரமே மின்வாரியக்காரர் ஒரு படம் போட்டார். வாயில் மீனோடு மீன்கொத்தி. மீனின் செதில் ஒவ்வொன்றும் தெரிந்தது. எல்லாரும் மாலை போடாத குறையாகப் பாராட்டிக்கொண்டிருந்தபோது இவர் ஒரு வரி எழுதினார்.

"பெறகு அது அந்த மீனை என்ன செஞ்சுது சார்?"

மின்வாரியக்காரர் கொஞ்ச நேரம் கழித்துப் பதில் போட்டார். "தெரியல மேடம். நான் படம் சரியா விழுந்திருக்கான்னு பாத்துட்டு இருந்தேன். நிமிந்தா அதக் காணும்."

குழுவே சிரித்தது. ஆனால் அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்பது போகப்போகத் தெரிந்தது. யார் என்ன படம் போட்டாலும் அதே கேள்விதான். நீங்கள் எடுத்து முடித்தபிறகு அந்தப் பாம்பு எந்தப் பக்கம் போயிற்று. ஆந்தை கண்ணை மூடிக்கொண்டதா. அந்த மான் உங்களைக் கண்டபிறகும் தண்ணீர் குடித்ததா, குடிக்காமல் போய்விட்டதா. எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியாது. படம் எடுத்தவுடன் கேமராவின் முதுகைப் பார்க்கக் குனிகிறவர்கள்தானே நாங்கள்.

அவருடைய படங்கள் நன்றாக இருக்காது. யாரிடமோ வாங்கிய பழைய சின்னக் கேமரா. லென்ஸ் மூடி தொலையாமல் இருக்க, ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுகிற ரப்பர் குழாயால் அதைக் கட்டி வைத்திருப்பார். எல்லாப் படமும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ போடுவார். ஆனால் படத்துக்குக் கீழே எழுதுவார். ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பச்சைப் புல்லில் பழுப்பாக ஏதோ தீற்றியதுபோல ஒரு படம். கீழே இப்படி: "அச்சன்புதூர் வாய்க்கால் கரை, காலை ஏழு மணி. இந்தக் கீரி என்னைப் பார்த்து நின்றது. நானும் நின்றேன். பிறகு குட்டிகளை ஒவ்வொன்றாக மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனது. மூன்று குட்டி. நாலாவது ஒன்று இருந்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை."

அந்தப் படத்துக்கு இரண்டே இரண்டு கட்டைவிரல்கள். ஒன்று நான் போட்டது, குழு நடத்துகிறவன் என்ற மரியாதைக்காக.

முதல் தடவை எங்களோடு அவர் மலை ஏறியது செண்பகாதேவிக்கு. அருவிக்குப் பாதி வழியில் ஒரு பெரிய மரத்தின் கிளையில் மலையணில் ஒன்று வயிறு படியப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வால் கிளைக்குக் கீழே தொங்கியது. ஆளுக்கு இருபது படம் எடுத்துவிட்டு நடந்தோம். அவர் ஒரு படம் எடுத்தார், கேமராவைப் பைக்குள் வைத்தார், ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"வரலையாம்மா?" என்று காஜா கேட்டான்.

"நீங்க போங்க அண்ணே. இது எந்திரிக்கட்டும்."

நாங்கள் அருவிக்குப் போய், அங்கே நின்று இங்கே நின்று படம் எடுத்து, கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்று, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினால் அதே பாறையில் அவர் இருக்கிறார். கிளை காலியாக இருந்தது.

"எந்திரிச்சிட்டா?" என்றேன்.

"இப்பந்தான் அண்ணாச்சி. கண்ணத் தொறந்துட்டு ரொம்ப நேரம் சும்மா கெடந்துது. பெறகு மொதல்ல காதச் சொறிஞ்சுது. எந்திரிச்சி ஒரு கொட்டாவி. நம்ம வீட்டுல ஞாயித்துக்கெழம எந்திரிக்கமில்ல, அதே மாதிரி."

அருவியைப் பார்க்காமலே எங்களோடு இறங்கிவிட்டார். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. காரில் எங்களுக்குத்தான் ஏதோ விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது. காஜா மட்டும் என் காதில், "இந்த அக்காவ வச்சிக்கிட்டு எந்தக் காட்டுக்கும் போக முடியாதுலே" என்றான்.

ஆனால் அந்தக் குணம் காட்டோடு நிற்கவில்லை. என் மனைவிக்கு ஒரு சமயம் விட்டுவிட்டுக் காய்ச்சல். குற்றாலச் சீசன் முடிகிற நேரம், ஊரெல்லாம் காய்ச்சல், அவருடைய நிலையத்து வாசலில் ஆட்கள் படி வரைக்கும் நின்றார்கள். ரத்தம் கொடுத்தோம், அறிக்கை வாங்கினோம், டாக்டர் மருந்து எழுதினார், முடிந்தது. பத்து நாள் கழித்து அலுவலகத்தில் இருக்கும்போது அவர் போன் செய்தார். ஏதோ பாக்கிச் சோதனை இருக்கிறதோ என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மதினிக்குப் பெறகு எப்படி இருக்கு? தட்டணு கொறஞ்சிருந்துதே, ஏறிட்டான்னு கேக்கலாம்னு."

"ஏறிட்டும்மா. நல்லா இருக்கா."

"சரி, வைக்கேன்."

எத்தனையோ இடத்தில் ரத்தம் கொடுத்திருக்கிறேன். பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். விசாரித்தபோது எல்லாருக்கும் அப்படித்தான் என்றார்கள். ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொண்டு, மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவாராம். சில வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்குமாம். அதையும் கேட்டுவிட்டுத்தான் வைப்பாராம்.

இனி என் விஷயத்துக்கு வர வேண்டும்.

கேமரா வாங்கி மூன்று வருஷம் ஆகியும் என் படம் ஒன்றுகூட நாலு பேர் பேசுகிற மாதிரி அமையவில்லை. குழுவை நடத்துகிறவன் நான், பேர் வாங்குகிறவர்கள் மற்றவர்கள். ஐம்பது வயதில் இதற்கெல்லாம் ஏங்குவார்களா என்றால், ஏங்குவார்கள். அலுவலகத்தில் பதவி உயர்வு கிடைக்காதபோதுகூட அவ்வளவு வலித்ததில்லை.

செங்கோட்டையைத் தாண்டி, புளியரைக்கு மேலே கேரளாவுக்கு ஏறுகிற மலைச்சாலையில் ஒரு வளைவு உண்டு. அதை ஒட்டிய மரங்களில் கருமந்திகள் வரும். உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தைச் சுற்றி மட்டும் பழுப்பாக முடி. நாட்டுக்குரங்குபோல ஆளிடம் வந்து பிடுங்காது. மனிதனைக் கண்டால் உச்சிக்குப் போய்விடும். மருந்துக்கு என்று சொல்லி ஒரு காலத்தில் அவற்றை வேட்டையாடித் தீர்த்தார்கள். அந்தப் பயம் அதுகளுக்கு இன்னும் போகவில்லை. இலைக்கு நடுவில் கறுப்பாக ஒரு முதுகு, அவ்வளவுதான் எங்களில் யாருக்கும் கிடைத்திருந்தது.

நான் தனியாகப் போனேன். சாலையோரத் தடுப்புச் சுவரில் ஒரு கை நிலக்கடலையை வைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் காத்திருந்தேன். முதல் ஞாயிறு ஒன்றும் இறங்கவில்லை. இரண்டாவது ஞாயிறு பாதி வளர்ந்த ஆண் ஒன்று இறங்கி, எடுத்துக்கொண்டு ஓடியது. மூன்றாவது ஞாயிறு சுவரில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அந்த இளவட்டம் முதலில் வந்தது. அதன் பின்னால் ஒரு தாய், அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு, பிறந்து சில நாளே ஆன செம்பட்டை நிறக் குட்டி. பத்தடி தூரம். காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. இடது கையைக் கேமராவுக்குக் கீழே நீட்டிக்கொண்டு வலது கையால் எடுத்தேன்.

"குற்றாலம் மலையில் இரண்டு மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு" என்று எழுதிக் குழுவில் போட்டேன்.

அன்று என் போன் ஓயவில்லை. காஜா அதைப் பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடி போட்டுத் தன் கடையில் மாட்டினான். தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அமெச்சூர் புகைப்படக் கண்காட்சி ஒன்று நடத்தினார்கள். முதல் பரிசு எனக்கு. பித்தளை மாதிரி மின்னுகிற ஒரு கேடயம். மனைவி அதை டிவிக்கு மேலே வைத்தாள்.

லேப் அக்கா குழுவில் அந்தப் படத்துக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். கண்காட்சியின் கடைசி நாள் மதியம் வந்தார். வரிசையாக எல்லாப் படத்தையும் பார்த்தார், என் படத்தின் முன்னால் நின்றார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மணிக்கணக்கில் பார்க்கிறவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார். நான் பக்கத்தில் போனேன்.

"எப்படி இருக்கும்மா?"

"நல்லா இருக்கு அண்ணாச்சி." கொஞ்சம் பொறுத்து, சாதாரணக் குரலில் கேட்டார். "இது ஒங்களப் பாக்கலியே. கொஞ்சம் கீழல்ல பாக்குது. கையில என்ன வச்சிருந்திய?"

"ஒண்ணும் இல்லையே. வெளிச்சம் அப்படி விழுந்திருக்கு."

"சரி அண்ணாச்சி" என்றார்.

பிறகு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தச் "சரி"யில் கோபம் இல்லை, கேலி இல்லை. அவர் வாயில் எப்போதும் வருகிற அந்தப் பிறகு என்ன என்ற கேள்வியும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாய், குட்டி, ஓரத்தில் பாதி தெரிந்த இளவட்டம். மூன்றும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இடத்தைக் கேட்டவர்களுக்கு நான் சொல்லியிருந்தேன். எல்லாரிடமும் இல்லை, வேண்டியவர்களிடம். வேண்டியவர்களுக்கு வேண்டியவர்கள் இருப்பார்கள் அல்லவா. ஒரு மாதத்தில் அந்த வளைவில் கார்கள் நிற்க ஆரம்பித்தன. கடலை, பழம், பிஸ்கட். கருமந்தி மரத்திலிருந்து இறங்கிச் சாலையில் உட்காருகிறது என்று வீடியோ வர ஆரம்பித்தது. குழுவில் பலரும் தாயும் குட்டியும் எடுத்தார்கள். என் படத்தைவிட நன்றாகவே எடுத்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் போன் செய்தார். புனலூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தவர் வழியில் இறங்கியிருக்கிறார்.

"அண்ணாச்சி, புளியரைக்கு மேல வளைவுல ஒரு மந்தி அடிபட்டுக் கெடக்கு. லாரின்னு நெனைக்கேன். பாதி வளந்த ஆணு."

போனோடு வாசலுக்கு வந்தேன்.

"கையில கடலத்தோலு இருக்கு" என்றார். "வனத்துறைக்குச் சொல்லியாச்சு. அவுக வருத வரைக்கும் நிக்கேன். வண்டி மேல ஏறிரும்லா."

"நான் வரட்டுமா?"

"எதுக்கு அண்ணாச்சி. நான்தான் நிக்கேனே."

நான் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவோடும் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று எழுதினேன். அவரும் அதன்பிறகு எங்கள் நடைக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

ஆறு வாரம் இருக்கும். காஜா அலுவலகத்துக்கே வந்துவிட்டான். "லே, நம்ம லேப் அக்காவுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு போலிருக்குலே. இதப் பாரு."

யாரோ காரிலிருந்து எடுத்த வீடியோ. அதே வளைவு. லேப் அக்கா ஒரு தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு, "போ, போ" என்று கத்துகிறார். குனிந்து கல் பொறுக்கி எறிகிறார். சுவரிலிருந்து ஒரு தாய், குட்டியைக் கட்டிக்கொண்டு, பல்லைக் காட்டிக் கிறீச்சிட்டுக்கொண்டே மரத்தில் தாவுகிறது. வீடியோவுக்கு மேலே "பச்சைக்குட்டியோடு இருக்கும் தாய்க்குரங்கைக் கல்லால் அடிக்கும் பெண்" என்று எழுதி, அவருடைய பெயர், நிலையத்தின் பெயர், இருக்கிற சந்து எல்லாம் போட்டிருந்தார்கள்.

மாலைக்குள் அது எங்கள் குழுவுக்கும் வந்துவிட்டது. "இயற்கை ஆர்வலராம்." "இவரையெல்லாம் சேர்த்தது யார்?" "அட்மின் தூங்குகிறாரா?" மீன்கொத்தியைப் பற்றிக் கேட்டதற்காக அன்று சிரித்தவர்கள் எல்லாம் இன்று கோபப்பட்டார்கள். என் படத்தின் கீழே கைகூப்பியவர்கள். அவர் எதற்காகக் கல்லெறிகிறார் என்று தெரிந்த ஒரே ஆள் நான். நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. எல்லாரும் அட்மின், அட்மின் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் பெயரை அழுத்தினேன், நீக்கு என்பதை அழுத்தினேன். "நன்றி அட்மின்" என்று நாலைந்து பேர் போட்டார்கள்.

அவர் எனக்குப் போன் செய்து கேட்பார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தச் சந்து வழியாகப் போனேன். நிலையத்தில் கூட்டம் இல்லை. வாசலில் யாரோ கரியால் ஏதோ எழுதியிருந்ததை அவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். இனிமேல் போகாமல் இருக்க முடியாது என்று ஆகிவிட்டது. வளைவுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்தேன். அவர் சுவரில் உட்கார்ந்து, இலையில் மடித்துக் கொண்டுவந்த இட்டிலியைத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் எவர்சில்வர் தட்டு, கரண்டி, ஒரு துணிப்பை நிறையச் சிறுகல்.

"வாங்க அண்ணாச்சி. இட்டிலி சாப்புடுதியளா?"

"நான்தாம்மா கடலை வச்சது" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"தெரியும்."

"மண்டபத்துலயேவா?"

"ம்."

"பெறகு ஏன் யார்ட்டயும் சொல்லல? அவ்வளவு பேரு ஏசும்போதுகூட?"

அவர் இலையை மடித்தார். "சொன்னா என்ன அண்ணாச்சி ஆவும்? என்ன ஏசுதவங்க ஒங்கள ஏசுவாங்க. அதுல மந்திக்கு என்ன வந்துது? அன்னைக்கி அது செத்துக் கெடக்கும்போது தாயி மரத்துல இருந்துட்டு எறங்கவும் மாட்டேங்குது, போவவும் மாட்டேங்குது. வண்டி சத்தம் கேட்டா மட்டும் கையப் பாக்கிறதுக்கு எட்டிப் பாக்குது. இதுக்கு யாராவது பயங்காட்டணும்னு தோணிச்சு. நீங்க வருவியன்னு ரெண்டு வாரம் பாத்தேன். வரல்ல. சரி, நாம நிப்போம்னு நின்னேன்."

"கல்லு அது மேல படாதா?"

"பட்டுருச்சி, ஒரு தடவ. அந்தத் தாயி மேலதான். கால்ல." அவர் குரல் மாறியது. "நான் பக்கத்துலதான் எறிஞ்சேன். அது அந்தப் பக்கம் தாவும்னு தெரியல. வீடியோவுல அது இல்ல. இருந்திருந்தா அவுக ஏசுறதுல ஒரு ஞாயம் இருக்கும்."

பாரம் ஏற்றிய லாரி ஒன்று முக்கி முக்கி மேலே ஏறியது. அந்தச் சத்தத்துக்கு மேலே கிளைகள் அசைந்தன.

"அதுக இப்பம் என்னத் தனியா அடையாளம் வச்சிருக்கு அண்ணாச்சி. சேலை கலர் மாத்திக் கட்டுனாலும் தெரியுது. என் தலை தெரிஞ்சதும் கத்துது. உக்காந்து பாக்கலாம்னு ஆசப்பட்டு எத்தன வருசம் திரிஞ்சேன். இனி எந்த மந்தியும் எனக்கு முன்னால உக்காராது." இதைச் சொல்லிவிட்டுத் தட்டை என்னிடம் நீட்டினார். "காலைலருந்து கை வலிக்கி. கொஞ்சம் தட்டுங்க. அதுக வருது."

தட்டினேன். முதலில் வெட்கமாக இருந்தது. சாலையில் போகிறவர்கள் பார்த்தார்கள். மேலே கறுப்பாக மூன்று நாலு உருவங்கள் இறங்கி வந்தன. முன்னால் வந்தது அந்தத் தாய்தான். ஒரு காலைப் பதித்து வைக்காமல் வந்தது. குட்டி செம்பட்டை மாறிக் கறுக்கத் தொடங்கியிருந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அது. அதைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன். போ என்றேன். போய்த் தொலை என்றேன். அது நின்றது, பிறகு திரும்பி ஏறியது. என் கண்ணில் தண்ணீர் வந்ததை அவர் பார்த்திருப்பார்.

அன்று மாலை நடந்ததை எல்லாம் குழுவில் எழுதினேன். கடலை, மூன்று ஞாயிறு, குற்றாலம் என்று எழுதிய பொய், இடத்தைச் சொன்னது, செத்துப்போன இளவட்டம், அவரை நீக்கியது. எழுதி முடித்து அவரைத் திரும்பச் சேர்த்தேன். ஏழு பேர் குழுவை விட்டுப் போனார்கள். இரண்டு பேர் அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். அவர் ஒன்றும் எழுதவில்லை. காஜா மட்டும் எனக்குத் தனியாகப் போன் செய்தான்.

"லே, நானும் வச்சேம்லே. பேரீச்சம்பழம். ரெண்டு தடவ."

"எனக்குத் தெரியாதேலே."

"நான் சொன்னாத்தானே தெரியும். அடுத்த ஞாயிறு எத்தன மணிக்குப் போவணும்?"

கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கக் கண்காட்சி நடத்தியவர்களிடம் போனேன். திரும்ப வாங்குவதற்கு அவர்களுக்கு வழி தெரியவில்லை. "அது இருந்துட்டுப் போவட்டும் சார், பேரு அடிச்சாச்சு" என்றார்கள். அது இப்போது எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. காஜா தன் கடையில் இருந்த படத்தை இறக்கிவிட்டான்.

ஒன்பது மாதம் ஞாயிறுதோறும் மூன்று பேரும் முறைவைத்து நின்றோம். தட்டுவதைவிடக் கார்க்காரர்களிடம் பேசுவதுதான் பெரிய பாடு. சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், ரோடு உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்றார்கள். மழைக்காலத்தில் அவர் குடையைக் காஜாவிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே கல்பையோடு நிற்பார். குடை பிடித்தால் அதுகளுக்குத் தன்னை அடையாளம் தெரியாது என்பார். வீடியோ எடுத்தவர்கள் அதை மறந்து எத்தனையோ வீடியோவுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அவருடைய நிலையத்துக்குப் பழைய கூட்டம் திரும்பவில்லை. அடுத்த வருஷம் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க வேண்டியிருந்ததால், தம்பி இருக்கும் கோயம்புத்தூருக்கு அம்மாவோடு போய்விட்டார். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை என்று கேள்வி. என்னால்தான் போக வேண்டி வந்தது என்று ஒருமுறை சொன்னேன். "அம்மாவுக்கு மூட்டுவலி வந்ததுக்குமா நீங்க காரணம்?" என்று கேட்டார். என்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொன்னாரா, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

போவதற்கு முந்தின ஞாயிறும் வளைவுக்கு வந்தார். சாரல் விட்டு, வெயில் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. எட்டு மணியிலிருந்து பதினோரு மணிவரை ஒரு கிளைகூட அசையவில்லை. அதற்கு முந்தின மூன்று வாரமும் அப்படித்தான். தட்டு சுவரில் சும்மா கிடந்தது.

கார் ஒன்று வந்து நின்றது. நடுவயதுப் பெண் ஒருவர் இறங்கி, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே மரத்தை அண்ணாந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"இங்க கறுப்புக் குரங்கு நெறய வரும்னு சொன்னாங்களே. ரோட்டுலயே உக்காந்துருக்குமாமே."

"வந்துட்டு இருந்துது" என்றார் லேப் அக்கா. "இப்பம் வாரதில்ல."

"எங்க போயிருச்சி?"

"அதாம்மா எங்களுக்கும் தெரியல."

அந்தப் பெண்மணி ஏமாற்றத்தோடு ஒரு பிஸ்கட்டைத் தானே தின்றுகொண்டு காரில் ஏறினார். கார் வளைவில் மறைகிற வரைக்கும் லேப் அக்கா அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. காஜாவும் சிரித்தான், நானும் சிரித்தேன். மேலே எங்கேயோ, மிகத் தொலைவில், ஒரு கருமந்தி இரண்டு மூன்று தடவை கனைத்தது. மூன்று பேரும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தோம். காடு மொத்தமும் எதிரொலித்தது. எந்த மரத்திலிருந்து என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை.